பெருங்கப்பல்கள் ஏன் கவிழ்வதில்லை?

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள், கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தை ‘எம்.எஸ்.சி. இரினா’ என்ற சரக்குக் கப்பல் வந்தடைந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர், அகலம் 61 மீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரைந்து நடந்தாலும் நான்கு நிமிடம் ஆகும். லாரிகளில் செல்லும் கண்டெய்னர்களை, அதாவது சரக்குப் பெட்டகங்களை, நீங்கள் நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். 20 அடி நீளப் பெட்டகக் கணக்கில் இந்தக் கப்பல் 24,346 பெட்டகங்களை ஏற்றவல்லது. அவற்றில் ஒரு பகுதி கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும். மீதி, மேல்தளத்தின்மீது பத்துப் பன்னிரண்டு அடுக்குகளாக ஏறி நிற்கும். கப்பலின் அடியிலிருந்து அளந்தால், உச்சிப் பெட்டகம் சுமார் அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கும். நீருக்குள் அமிழ்ந்திருப்பதோ 16 மீட்டர் அளவே.

இவ்வளவு உயரமான பாரம் மிதப்பது எப்படி என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்பு மாணவரும் பதில் சொல்லிவிடுவார். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி கப்பலின் எடையும் அது வெளியேற்றும் நீரின் எடையும் சமம். சரிதான். ஆனால் கவிழ்ந்துபோன கப்பலும் தலைகீழாகச் சிறிது நேரம் மிதக்கத்தான் செய்கிறது! எனவே மிதப்பது வேறு, நிமிர்ந்து மிதப்பது வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

கல்லூரியில் சேரும் மாணவர்களிடம் இதைக் கேட்கும்போதெல்லாம் பெரும்பாலோர் ஒரே பதிலைத் தருகிறார்கள்: “கப்பலின் ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐயா.” மிதப்பு மையம் என்பது கப்பல் இடம்பெயரச் செய்த நீரின் ஈர்ப்பு மையம். நீரின் மேல்நோக்கு விசை முழுவதும் அதன் வழியே செயல்படுவதாகக் கொள்ளலாம். இரினா போன்ற கப்பலில் மிதப்பு மையம் அடியிலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத்தில் இருக்கும். அறுபது மீட்டர் உயரத்துக்குச் சரக்கை அடுக்கிவிட்டு ஈர்ப்பு மையத்தை அதற்கும் கீழே கொண்டுவர முடியுமா? முடியவே முடியாது. அந்தப் பதில் சரியென்றால், இன்று கடலில் ஓடும் சரக்குக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே கவிழ்ந்திருக்க வேண்டும்.

பொம்மை சொல்லும் விடை

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பாகம் அரைக்கோளம். உள்ளே களிமண் கனம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். சாய்க்கும்போது என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். பொம்மை வலப்பக்கம் சாய்ந்தால், மேசையைத் தொடும் புள்ளியும் வலப்பக்கம் நகர்கிறது. மேசையின் எதிர்விசை அந்தப் புள்ளியிலிருந்து செங்குத்தாக மேலே செல்கிறது. எவ்வளவு சாய்த்தாலும் அந்தக் கோடு அரைக்கோளத்தின் மையத்தின் வழியாகவே போகும். ஈர்ப்பு மையம் அந்தக் கோள மையத்துக்குக் கீழே இருக்கும்வரை, பொம்மையின் எடையும் எதிர்விசையும் சேர்ந்து அதை நிமிர்த்தும் திருப்புவிசையாக அமைகின்றன. ஈர்ப்பு மையம் மேசையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கோள மையத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

கப்பலுக்கும் இப்படி ஒரு மையம் உண்டு. கப்பல் வலப்பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்தில் ஆப்பு வடிவமான ஒரு பகுதி புதிதாக நீரில் அமிழ்கிறது. இடப்பக்கத்தில் அதே அளவு வெளியே வருகிறது. ஆகவே மிதப்பு மையம் வலப்பக்கம் நகர்கிறது. நகர்ந்த மிதப்பு மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு வரைந்தால், அது கப்பலின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். சிறிய சாய்வுகளுக்கு இந்த வெட்டுப்புள்ளி அநேகமாக மாறுவதில்லை. இதற்கு மெட்டாசென்டர் என்று பெயர். பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1746இல் வெளியிட்ட தம் கப்பல் நூலில் இப்பெயரை இட்டார். ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்குக் கீழே இருந்தால் கப்பல் நிமிரும். மேலே போனால் கவிழும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மெட்டாசென்டர் உயரம் என்பார்கள்.

அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் கடினமன்று. கப்பலை ஒரு செவ்வகப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அகலத்தின் வர்க்கத்தை, மூழ்கும் ஆழத்தின் 12 மடங்கால் வகுத்தால், மிதப்பு மையத்துக்கு எவ்வளவு மேலே மெட்டாசென்டர் உள்ளது என்பது கிடைக்கும். இரினாவின் அளவுகளைப் போட்டுப் பாருங்கள். அகலம் 61 மீட்டர், ஆழம் 16 மீட்டர். 61இன் வர்க்கம் 3,721. அதை 192ஆல் வகுத்தால் 19.4 மீட்டர். மிதப்பு மையத்தின் உயரமான 8 மீட்டரையும் கூட்டினால் 27.4 மீட்டர். உண்மைக் கப்பலின் முனைகள் குறுகிச் செல்வதால் சரியான மதிப்பு சற்று மாறும். ஆனாலும் செய்தி தெளிவு. ஈர்ப்பு மையம் சுமார் 27 மீட்டர்வரை உயரலாம், கப்பல் கவிழாது.

இந்தச் சூத்திரத்தில் அகலம் வர்க்கமாக வருவதைக் கவனித்தீர்களா? அகலத்தை இரு மடங்காக்கினால் மெட்டாசென்டர் நான்கு மடங்கு மேலே போகிறது. உயர அடுக்க விரும்பும் கப்பல் கம்பெனி முதலில் கப்பலை அகலமாகக் கட்டுவதன் இரகசியம் இதுதான்.

செய்து பாருங்கள்

ஒரு சோப்பு டப்பாவின் அடிப்பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துளை இல்லாததாக இருக்கட்டும். ஐந்து காலித் தீப்பெட்டிகள் வேண்டும். இரண்டில் உலர்ந்த மணலை நிறைத்து, ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை வசமாக அடுக்கி நூலால் கட்டுங்கள். மணல் பெட்டிகள் இரண்டும் அடியில் இருக்கும்படி அடுக்கை டப்பாவின் நடுவில் சிறிது பசையால் ஒட்டி, வாளி நீரில் மிதக்க விடுங்கள். விரலால் மெல்லத் தட்டினால் ஆடி, மறுபடி நிற்கும். இப்போது அடுக்கைத் தலைகீழாக்கி, மணல் பெட்டிகள் உச்சியில் இருக்கும்படி ஒட்டி மிதக்க விடுங்கள். விரலை எடுத்தவுடன் டப்பா குப்புற விழும். எடை மாறவில்லை, மூழ்கும் ஆழமும் மாறவில்லை. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு இரண்டும் ஒன்றே. அடுக்கிய வரிசை மட்டுமே வேறு.

ஒரு சரக்குக் கப்பலில் ஆயிரக்கணக்கான பெட்டகங்களை எந்த இடத்தில் வைப்பது என்று திட்டமிடுபவர்கள் கணிப்பொறியின் துணையோடு செய்வது இதே வேலைதான். கனமானவை கீழே, இலேசானவை மேலே என்பது விதி. அடுத்த துறைமுகத்தில் இறங்க வேண்டியது அடியில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டும் அடிக்கடி சண்டை போட்டுக்கொள்ளும்!

கடலில் ஒரு தேர்

உல்லாசப் பயணக் கப்பல்களில் நிலைமை இன்னும் வியப்பானது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டப்பட்டு, 2024 ஜனவரியில் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. நீளம் 365 மீட்டர், 20 தளங்கள், 7,600 பயணிகள்வரை ஏறலாம். ஒரு சிறு நகரமே மிதப்பதுபோல் இருக்கும். நீரில் மூழ்கியிருப்பதோ சுமார் 9 மீட்டர்தான்!

நம் ஊர்க் கோயில் தேரைப் பாருங்கள். அடியில் கனத்த சக்கரங்கள், அச்சு, மரத்தட்டுகள். மேலே எழும் பெரிய கோபுரமோ மூங்கிலும் துணியும். உல்லாசக் கப்பலின் அமைப்பும் அதே கருத்தைக் கொண்டதுதான். எஞ்சின்கள், எரிபொருள், நீர்த்தொட்டிகள் யாவும் அடித்தளங்களில் இருக்கின்றன. மேலே உள்ள அறைகளில் பெரும்பகுதி காற்றுதான். சுவர்கள் மெல்லிய தகடுகள்.

இக்கப்பலைப் பற்றிய செய்திகளில் ‘2,48,663 டன் எடையுள்ள கப்பல்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது சரியா என்று நாமே சோதிக்கலாம். கப்பல் முழுச் செவ்வகப் பெட்டி என்றே கொள்வோம். 365 மீட்டர் நீளம், நீர்மட்டத்தில் 48.5 மீட்டர் அகலம், 9.25 மீட்டர் ஆழம். பெருக்கினால் ஏறத்தாழ 1,63,700 கன மீட்டர். கடல்நீர் ஒரு கன மீட்டர் 1.025 டன். ஆக, வெளியேற்றப்படும் நீர் மிஞ்சிப்போனால் 1,68,000 டன். கப்பலின் எடை அதற்கு மேல் இருக்க வழியே இல்லை. முனைகள் குறுகுவதால் உண்மையில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. அப்படியானால் 2,48,663 என்ன? அது ‘மொத்த டன்னேஜ்’ என்னும் அளவு. கப்பலுக்குள் அடைபட்டுள்ள இடத்தின் கன அளவிலிருந்து கணக்கிடப்படுவது. பெயரில் டன் இருந்தாலும் அதற்கும் எடைக்கும் தொடர்பில்லை. நாளிதழில் வரும் எண்ணை இப்படி ஒரு பெருக்கல் கணக்கால் மடக்குவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பயணிகள் 7,600 பேரும் ஏதோ வேடிக்கை பார்க்க ஒரே பக்கம் ஓடினால் கப்பல் கவிழுமா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. ஒருவருக்கு 65 கிலோ என்றால் எல்லாரும் சேர்ந்து சுமார் 500 டன். நடுவிலிருந்து 20 மீட்டர் விலகினால் திருப்புத்திறன் 10,000 டன்-மீட்டர். கப்பலின் எடையை 1,00,000 டன் என்றும், மெட்டாசென்டர் உயரத்தை 3 மீட்டர் என்றும் கொள்வோம். இரண்டின் பெருக்கல் 3,00,000. சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு முப்பதில் ஒரு பங்கு. கோணம் ஏறத்தாழ 2 டிகிரி. கோப்பையில் உள்ள காப்பிகூடச் சிந்தாது.

கம்பெனிகளின் கணக்கு

கப்பல்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கும் ஓர் இயற்பியல் காரணம் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் சரக்கு ஏற்றும் இடம் எட்டு மடங்காகிறது. நீர் உராயும் பரப்போ நான்கு மடங்குதான். மாலுமிகளின் எண்ணிக்கை அநேகமாக மாறுவதே இல்லை. ஆகவே ஒரு பெட்டகத்துக்கு ஆகும் செலவு இறங்குகிறது.

பெட்டக யுகத்தைத் தொடங்கி வைத்தவர் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி. அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 1956 ஏப்ரல் 26 அன்று நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டகங்களுடன் புறப்பட்டது. 58 எங்கே, 24,346 எங்கே! டென்மார்க்கில் 1904இல் தோன்றிய மெர்ஸ்க் நிறுவனம் இத்தொழிலில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. 1970இல் ஜியான்லூய்ஜி அபோன்டே ஒரே ஒரு கப்பலுடன் தொடங்கிய எம்.எஸ்.சி., 2022 ஜனவரியில் அதை முந்தியது. இந்த நிறுவனம் உல்லாசக் கப்பல்களையும் நடத்துகிறது.

செலவைக் குறைக்கும் இந்தப் போட்டியில், ‘இன்னும் ஓர் அடுக்கு வைக்கலாமே’ என்ற ஆசை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் ஈர்ப்பு மையத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுகிறது.

அளவுக்கு மிஞ்சினால்

அப்படியானால் மெட்டாசென்டர் உயரத்தை மிகப் பெரிதாக வைத்துக்கொண்டால் கவலையில்லை அல்லவா? அதிலும் ஒரு சிக்கல். மெட்டாசென்டர் உயரம் கூடக்கூடக் கப்பலின் அலைவு நேரம் குறைகிறது. 60 மீட்டர் அகலக் கப்பலில் அந்த உயரம் 1 மீட்டர் என்றால், ஒரு முறை இடமும் வலமும் ஆடி முடிக்க ஏறத்தாழ 48 வினாடி ஆகும். 9 மீட்டர் என்றால் 16 வினாடிதான். காலம் மூன்றில் ஒரு பங்காகும்போது, அதே கோண ஆட்டத்துக்கு முடுக்கம் ஒன்பது மடங்காகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, உச்சியில் உள்ள பெட்டகங்களைக் கட்டியிருக்கும் இரும்புத் தண்டுகள் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசையும் கூடிக்கொண்டே போகும். மிக ‘உறுதியான’ கப்பல் வெடுக்கு வெடுக்கென்று ஆடிச் சரக்கைக் கடலில் எறிந்துவிடும். பயணிகள் கப்பலானால் எல்லாருக்கும் வாந்தி!

இதைவிட விசித்திரமான ஆபத்தொன்றும் உண்டு. ஊஞ்சலில் நின்றபடி ஆடும் சிறுமியைக் கவனியுங்கள். அவளை யாரும் தள்ளுவதில்லை. ஊஞ்சல் கோடிக்குப் போகும்போது முழங்காலை மடக்கி, நடுவே வரும்போது எழுந்து நிற்கிறாள். ஓர் அலைவில் இரண்டு தடவை. அதனாலேயே ஊஞ்சல் மேலும் மேலும் உயர்கிறது. நவீன சரக்குக் கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். எதிரே வரும் அலையின் முகடு கப்பலின் நடுவில் இருக்கும்போது, முனைகளில் நீர் தாழ்ந்து, அங்கே நீர்மட்ட அகலம் சுருங்குகிறது, மெட்டாசென்டர் தாழ்கிறது. பள்ளம் நடுவில் வரும்போது அகன்ற முனைகள் அமிழ்ந்து, மெட்டாசென்டர் உயர்கிறது. கப்பல் ஒரு முறை ஆடி முடிப்பதற்குள் இரண்டு அலைகள் கடந்து சென்றால், சிறுமி செய்த வேலையைக் கடல் செய்யத் தொடங்குகிறது. நேர் எதிரே வரும் அலை, கப்பலைப் பக்கவாட்டில் ஆட்டிவிடுகிறது!

1998 அக்டோபரில் தைவானின் காஹ்சியூங்கிலிருந்து சியாட்டில் நோக்கிச் சென்ற ‘ஏ.பி.எல். சைனா’ வட பசிபிக் புயலில் இப்படித்தான் மாட்டியது. 35 முதல் 40 டிகிரிவரை சாய்ந்து ஆடியதாக அதிலிருந்தவர்கள் கூறினார்கள். மேல்தளத்தில் இருந்த சுமார் 1,300 பெட்டகங்களில் மூன்றில் ஒரு பங்கு கடலில் விழுந்தது. இன்னொரு பங்கு நசுங்கியது. ஊஞ்சல் கணக்குதான் காரணம் என்பது அதன்பின் நடந்த ஆய்வுகளில் புலப்பட்டது.

யார் எடை போட்டது?

இதுவரை நாம் போட்ட கணக்குகளுக்கெல்லாம் ஒவ்வொரு பெட்டகத்தின் எடையும் தெரிய வேண்டும். அது எப்படித் தெரியும்? நெடுங்காலம், சரக்கை அனுப்புபவர் எழுதிக் கொடுத்ததே எடை! 2007 ஜனவரியில் ‘எம்.எஸ்.சி. நாப்போலி’ என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடல் பிளந்து, இங்கிலாந்தின் கரையோரம் தரைதட்ட வைக்கப்பட்டது. நனையாமல் தப்பிய 660 மேல்தளப் பெட்டகங்களை எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். அவற்றுள் 137 பெட்டகங்களில், எழுதிக் கொடுத்த எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வேறுபாடு இருந்தது. ஐந்தில் ஒன்று! சோதித்தறிந்த எடை இல்லாமல் எந்தப் பெட்டகத்தையும் கப்பலில் ஏற்றலாகாது என்ற பன்னாட்டு விதி 2016 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடையில் கால் கிலோ பருப்பைக்கூடத் தராசில் பார்க்காமல் வாங்காத உலகம், இதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது.

கட்டிமுடித்த கப்பலின் ஈர்ப்பு மையத்தைக் காண்பதற்கும் ஒரு பரிசோதனை உண்டு. தெரிந்த எடை ஒன்றைத் தளத்தின் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்த்தி, தொங்கவிட்ட நீண்ட ஊசலின் விலகலை அளப்பார்கள். பயணிகள் ஓடிய கணக்கைத் திருப்பிப் போட்டால் மெட்டாசென்டர் உயரம் கிடைத்துவிடும். இதன் பழைய வடிவம் ஒன்றை ஸ்வீடன் நாட்டார் 1628இல் ‘வாசா’ என்ற போர்க்கப்பலில் செய்தார்கள். முப்பது ஆட்கள் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் கவிழும்போல் ஆடியதால் சோதனை நிறுத்தப்பட்டது. ஆனால் பயணம் நிறுத்தப்படவில்லை. ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்டாக்ஹோமிலிருந்து புறப்பட்ட வாசா, சுமார் 1,300 மீட்டர் தூரம்கூடப் போவதற்குள் காற்றில் சாய்ந்து மூழ்கியது.

நாலு நூற்றாண்டு முன்னர் நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. தென்கொரியாவின் ‘செவோல்’, பயணிகளையும் சரக்கையும் சேர்த்து ஏற்றும் கப்பல். ஜப்பானில் ஓடிய அக்கப்பலை வாங்கிய நிறுவனம், மேலே கூடுதலாகப் பயணிகள் அறைகளைக் கட்டியது. ஈர்ப்பு மையம் உயர்ந்தது. எனவே சரக்கைக் குறைக்க வேண்டும், பாலாஸ்ட் எனப்படும் அடித்தொட்டி நீரைக் கூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதற்கு அனுமதி தரப்பட்டது. 2014 ஏப்ரல் 16 அன்று இஞ்சோனிலிருந்து ஜேஜு தீவுக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அனுமதித்த அளவைப்போல் இரு மடங்குக்கு மேல் சரக்கு அதில் இருந்தது. கூடிய எடையை ஈடுகட்ட அடித்தொட்டி நீர் குறைக்கப்பட்டிருந்தது. கப்பல் மூழ்கும் ஆழத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். நம் தீப்பெட்டி அடுக்கைத் தலைகீழாக்கியதும் இதே காரியந்தான். திரும்பும்போது கப்பல் சாய்ந்தது, சரியாகக் கட்டப்படாத சரக்கு சாய்ந்த பக்கமே சரிந்தது, கப்பல் மீளவில்லை. இறந்தவர்கள் 304 பேர். அவர்களில் 250 பேர் சுற்றுலா சென்ற ஒரே பள்ளியின் மாணவ மாணவியர். உங்கள் வயதுப் பிள்ளைகள். நிறுவனத்தின் தலைமை அதிகாரியும் கப்பல் தலைவரும் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

அத்தகைய கணக்கு ஒன்றை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பெட்டி வடிவக் கப்பல் ஒன்று: நீளம் 100 மீட்டர், அகலம் 20 மீட்டர், மூழ்கும் ஆழம் 5 மீட்டர். எடை 10,250 டன் வரும். ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் உள்ளது. மெட்டாசென்டர் 9.17 மீட்டரில் இருப்பதால் கப்பல் நிலையாக நிற்கிறது. இப்போது 1,000 டன் சரக்கை 18 மீட்டர் உயரத்தில் ஏற்றுங்கள். கப்பல் இன்னும் அரை மீட்டர் மூழ்கும். புதிய ஈர்ப்பு மையத்தையும் புதிய மெட்டாசென்டரையும் கண்டுபிடியுங்கள். முன்னது 8.89 மீட்டர், பின்னது 8.81 மீட்டர் என்று வந்தால் உங்கள் கணக்கு சரி. அதே 1,000 டன்னை அடியிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பாருங்கள்.